கண்டக்டர் வாய் திறந்தார்

மகள் ஒரே ஒரு நிபந்தனைதான் போட்டிருந்தாள்.

"அப்பா, ஃப்ளைட்ல யாரையும் அதட்டக் கூடாது. அது உங்க பஸ் இல்ல."

கண்டக்டர் சரி என்றார். விமானத்தில் ஏறும்போதே உதடுகளை இறுக மூடிக்கொண்டார். வாய்க்குள் தண்ணீர் வைத்திருப்பவர் போல இருந்தது முகம். பின்னால் கைப்பையோடு வந்த மனைவி அதைப் பார்த்து முதலில் சிரித்தாள். பிறகு சிரிப்பு வரவில்லை.

வேலையிலிருந்து ஓய்வு பெற்று இரண்டு வருடமாகியும் அவரை எல்லோரும் கண்டக்டர் என்றே கூப்பிட்டார்கள். முப்பத்தொரு வருடம் நகரப் பேருந்தில் ஓடியவர். டிப்போவில் அவருக்கு 'ரைட்டண்ணன்' என்று இன்னொரு பெயர் உண்டு. அவர் பின்படியில் நின்று "ரைட்" சொன்னால் போதும், விசில் தேவையில்லை, எவ்வளவு இரைச்சலிலும் டிரைவர் காதில் போய் விழும். அப்படிப்பட்ட தொண்டை. அந்தத் தொண்டைதான் ஒரு மாதமாக அடங்கிக் கிடந்தது.

காரணம் ஒரு போன் பேச்சு. மகள் வெளியூரில் ஒரு பெரிய மருந்துக்கடையில் வேலை பார்க்கிறாள். அவளை நேரில் பார்த்து நான்கு வருடமாகிவிட்டது. டிக்கெட் எடுத்து அனுப்பிய அன்று பேசிக்கொண்டிருந்தபோது, பேச்சோடு பேச்சாக அவள் ஒரு பழைய கதையைச் சொன்னாள். கல்லூரியில் சேர்ந்த முதல் நாள் பெற்றோர்களையும் பிள்ளைகளையும் ஒரு மண்டபத்துக்கு வரச்சொல்லியிருந்தார்கள். எல்லோரும் வாசலிலேயே அடைத்துக்கொண்டு நின்றார்கள். கண்டக்டருக்குப் பொறுக்கவில்லை. "உள்ள போங்க சார், உள்ள இடம் காலியாத்தான் இருக்கு! கம்பிய விட்டு நகருங்கம்மா!" என்று ஒரு சத்தம் போட்டார். மண்டபத்தில் ஏது கம்பி? ஆனால் கூட்டம் நகர்ந்துவிட்டது. அவருக்கு அன்று முழுக்கப் பெருமை.

"அதுல இருந்து நாலு வருஷமும் காலேஜ்ல என் பேரு 'கம்பி'தாம்ப்பா" என்றாள் மகள். சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். சிரிப்பு முடிகிற இடத்தில் குரல் லேசாக உடைந்தது.

கண்டக்டரும் சிரித்தார். போனை வைத்தார். பிறகு மனைவியிடம், "நான் அவ்வளவு சத்தமாவா பேசுவேன்?" என்று கேட்டார்.

"எனக்கென்ன தெரியும்?" என்றாள் அவள். உண்மையில் அவள் அந்தச் சத்தத்தைக் கேட்டதே இல்லை. வீட்டில் அவர் குரலை உயர்த்தியதில்லை; கல்லூரிக்கும் அன்று அவர்தான் மகளோடு போயிருந்தார். அவளுக்கு ஆஸ்பத்திரியில் வார்டு உதவியாளர் வேலை. பகல் இரண்டிலிருந்து இரவு பத்து வரை. அவருக்கோ விடியுமுன்னே வண்டி எடுக்கும் ஷிப்ட். அவர் திரும்பி வரும் நேரமும் அவள் கிளம்பும் நேரமும் ஒன்று. வாசலில் அவர் செருப்பைக் கழற்றுவார், அவள் மாட்டுவாள். "சோறு மூடி வெச்சிருக்கேன்", "பாப்பாவுக்குக் காய்ச்சல் விட்டுருச்சு", "கரண்ட் பில் மேஜைல இருக்கு" என்று அவர்களுடைய குடும்ப வாழ்க்கையில் பாதி அந்தச் செருப்பு வைக்கும் இடத்திலேயே நடந்து முடிந்தது. வேலை முடிந்து வருகிறபோது அவருக்குத் தொண்டை கட்டியிருக்கும். தலையாட்டுவார், கையை அசைப்பார். ஆஸ்பத்திரி வீட்டிலிருந்து நடக்கிற தூரம். அவருடைய வழித்தடமோ ஊரின் மறுகோடியில். ஒரு நாள்கூட அவள் அவருடைய பஸ்ஸில் ஏறியதில்லை.

இரண்டிரண்டு இருக்கைகளாக இருந்த சின்ன விமானம் அது. அவளுக்கு ஜன்னல் ஓரம், அவருக்கு நடைபாதை ஓரம். புறப்படவே ஒரு மணி நேரம் தாமதம். அதற்குள் கண்டக்டர் பட்ட பாட்டை அவள் ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டே இருந்தாள். ஒருவர் வழியை மறித்து நின்று மூன்று பைகளையும் ஒவ்வொன்றாகத் திறந்து எதையோ தேடினார். பின்னால் இருபது பேர் நின்றார்கள். கண்டக்டரின் வலது கை தானாக எழுந்து, இல்லாத கம்பியைத் தட்டப்போய், பாதியில் நின்று மடிக்குத் திரும்பியது.

"தண்ணி குடிக்கிறீங்களா?" என்று கேட்டாள்.

வேண்டாம் என்று தலையாட்டினார்.

விமானம் மேலே ஏறிச் சமநிலைக்கு வந்த உடனே முன் இருக்கை படாரென்று சாய்ந்தது. கட்டம் போட்ட சட்டைக்காரர் ஒருவர் அதில் இருந்தார். இருக்கையின் முதுகு நேராக வந்து அவள் முட்டிகளில் இடித்தது. இருபத்தெட்டு வருடம் நின்று நின்றே தேய்ந்த முட்டிகள். அவள் பல்லைக் கடித்துக்கொண்டு கால்களைப் பக்கவாட்டில் திருப்பிப் பார்த்தாள். இருந்த இடத்தில் திருப்பவும் வழியில்லை.

கண்டக்டர் பார்த்துவிட்டார். "இங்க வந்து உட்காரேன்" என்றார் தணிந்த குரலில்.

"நீங்க இங்க வந்தா உங்க கால எங்க வைப்பீங்க, தலையிலயா? விடுங்க, மூணு மணி நேரந்தானே."

அவர் முன் இருக்கையையே முறைத்தார். வாய் திறந்தது. மூடியது.

இதற்குள் இன்னொரு சங்கதி. ஜன்னலுக்கும் இருக்கைக்கும் நடுவே உள்ள சந்து வழியாகப் பின்னாலிருந்து ஒரு கால் வந்தது. மஞ்சள் காலுறை போட்ட கால். கட்டைவிரல் பக்கத்தில் ஓட்டை வேறு. அது மெல்ல மெல்ல நீண்டு, அவள் கை வைத்திருந்த இடத்திலேயே வந்து சாவகாசமாகப் படுத்துக்கொண்டது.

கண்டக்டரின் கழுத்து நரம்பு புடைத்தது. "இத…" என்று ஆரம்பித்தார்.

"சும்மா இருங்க" என்றாள் அவள். "இது என் வேலை."

ஆஸ்பத்திரியில் அவளுக்கு 'மூலையக்கா' என்று பெயர். அவள் விரித்த படுக்கையில் விரிப்பின் மூலை எந்த நோயாளி புரண்டாலும் கழன்று வராது. போர்வைக்கு வெளியே நீட்டிக்கொண்டு தூங்கும் கால்களை அவள் எத்தனையோ ஆயிரம் பார்த்திருப்பாள். மடியில் கிடந்த மெல்லிய போர்வையை எடுத்தாள். அந்தக் காலின் மேல் போட்டாள். குதிகாலுக்கு அடியில் ஒரு மடிப்பு, பக்கவாட்டில் ஒரு மடிப்பு, மேலே இழுத்து ஒரு செருகல். வார்டில் செய்வது போலவே கடைசியில் லேசாக இரண்டு தட்டு தட்டினாள்.

கால் அசையாமல் நின்றது. போர்வைக்குள் ஐந்து விரல்களும் ஒருமுறை மடங்கி விரிந்தன. பிறகு, வந்ததைவிட மெதுவாக, போர்வையோடு சேர்ந்து பின்னால் போய் மறைந்தது.

சந்து வழியாக ஓர் இளம்பெண்ணின் குரல் கேட்டது. "ஐயோ, சாரி ஆன்ட்டி. தூக்கத்துல தெரியாம…"

"பரவாயில்லம்மா. போர்வைய நீயே வெச்சுக்க. ஏசி ஜாஸ்தியா இருக்கு."

திரும்பிப் பார்த்தால் கண்டக்டர் சத்தமே இல்லாமல் குலுங்கிக்கொண்டிருந்தார். கண்ணில் நீர். ஒரு மாதத்துக்குப் பிறகு அவர் சிரிப்பதை இப்போதுதான் பார்க்கிறாள்.

"ஆஸ்பத்திரில இப்படித்தான் பண்ணுவியா?" என்று கிசுகிசுத்தார்.

"கத்துனா நோயாளி பயந்துருவான். வேற வழி?"

"எனக்கு இது தெரியாதே."

"என்னைக்கு நேரம் இருந்துச்சு தெரிஞ்சுக்க?"

இடக்கால் முட்டி விண்விண்ணென்று தெறித்தது. அவள் அதைக் கையால் தடவுவதை அவர் பார்த்துக்கொண்டே இருந்தார். ஒரு பெரிய மனிதர் ஒரு சின்ன வாக்குக்குள் இப்படி முடங்கி உட்கார்ந்திருப்பது அவளுக்கு என்னவோ செய்தது.

"என்னங்க."

"ம்."

"பாப்பா அதட்டக் கூடாதுன்னுதான் சொன்னா. பேசவே கூடாதுன்னு சொல்லல."

அவர் அவளை ஒரு நொடி பார்த்தார். வேலைக்குக் கிளம்புகிற ஆள் போலச் சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு எழுந்தார். ஒரு அடி முன்னே வைத்து, காதில் பாட்டு மாட்டிக்கொண்டு தூங்கும் பக்கத்து ஆளைத் தாண்டி, கட்டம் போட்ட சட்டைக்காரரிடம் குனிந்தார்.

"சார், எங்க இறங்கணும்?" என்று கேட்டார் கண்டக்டர்.

சட்டைக்காரர் கண்ணைத் திறந்தார். "என்னது?"

"எங்க இறங்கணும்னு கேட்டேன்."

"எல்லாரும் ஒரே இடத்துலதானே இறங்கப் போறோம்?"

"அட, ஆமால்ல! பழக்கதோஷம் சார். முப்பத்தொரு வருஷம் பஸ்ல இதையேதான் கேட்டுட்டு இருந்தேன். ஆளு முகத்தப் பார்த்தாலே வாய் கேட்டுருது."

சட்டைக்காரர் சிரித்துவிட்டார். "கண்டக்டரா?"

"ஆமா. முதுகு வலியா சார் உங்களுக்கு?"

"இல்லீங்க. வலியெல்லாம் ஒண்ணும் இல்ல. சும்மாதான் சாஞ்சேன்."

"சாயறதுக்குத்தானே சீட்டு, தாராளமா சாயுங்க. பின்னாடி எங்க வீட்டம்மா உட்கார்ந்திருக்காங்க. முட்டி ரெண்டும் தேஞ்சு போச்சு அவங்களுக்கு. ஒரு நாலு விரற்கடை முன்னாடி வந்தீங்கன்னா அவங்க காலும் முழுசா ஊர் போய்ச் சேரும்."

சட்டைக்காரர் இருக்கைகளின் இடுக்கு வழியாகத் திரும்பிப் பார்த்தார். சிக்கிக் கிடந்த முட்டிகளைப் பார்த்தார். அதற்கு மேலே இருந்த முகத்தையும் பார்த்தார். "அடடா… பின்னாடி ஆள் இருப்பாங்கன்னே தோணலீங்க. மன்னிச்சுக்கங்கம்மா." இருக்கை முழுசாக நிமிர்ந்தது.

"நாலு விரற்கடைதான் சார் கேட்டேன்."

"இருக்கட்டும்ணே, இருக்கட்டும்."

கண்டக்டர் வந்து உட்கார்ந்தார். அவள் கால்களை நீட்டினாள். முட்டிக்குள் ரத்தம் ஓடுவது தெரிந்தது. அதைவிட அவளுக்கு வேறொன்று ஆச்சரியமாக இருந்தது. இந்த மனிதர் இப்படிப் பேசுவாரா? இத்தனை சிரிப்பையும் இத்தனை பக்குவத்தையும் நாள் முழுக்கப் பஸ்ஸில் செலவழித்துவிட்டு, வீட்டுக்கு வெறும் தலையாட்டலை மட்டும் கொண்டுவந்திருக்கிறாரே. கொஞ்சம் கோபம்கூட வந்தது. யார் யாரோ கேட்டிருக்கிறார்கள், நான் கேட்கவில்லையே என்று.

"பஸ்லயும் இப்படித்தானா?" என்று கேட்டாள்.

"எப்படி?"

"எங்க இறங்கணும், முதுகு வலியான்னு."

"பின்ன? முப்பத்தொரு வருஷத்துல நிஜமாவே கெட்டவன்னு சொன்னா ரெண்டு பேரப் பார்த்திருப்பேன், இல்ல மூணு பேரு. மத்தவங்க எல்லாம், முதுகுக்குப் பின்னாடி ஒரு ஆளு இருக்குறது தெரியாதவங்கதான். அவங்களத் திட்டி என்ன பண்றது? திருப்பிக் காட்டிட்டாப் போதும்."

"அப்ப அந்தச் சத்தம் எதுக்கு?"

"எழுபது பேருக்கு ஒவ்வொருத்தரா போய்க் குனிஞ்சு பேச முடியுமா? அதுக்குத்தான் சத்தம்." சொல்லிவிட்டு உடனே குரலைத் தணித்துக்கொண்டார். "ஆனா பாப்பாவுக்கு அது வலிச்சிருக்கு. எனக்கு இத்தனை வருஷம் தெரியாது பாரு. என் முதுகுக்குப் பின்னாடியும் ஒரு ஆளு இருந்திருக்கு."

அவள் அவருடைய கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். அதற்குப் பிறகு விமானம் இறங்கும்வரை அவர்கள் அப்படியே இருந்தார்கள். ஜன்னலுக்கு வெளியே மேகம் இருந்தது. அவள் பார்த்தாள், அவ்வளவாக மனதில் நிற்கவில்லை.

சக்கரம் தரையைத் தொட்டு விமானம் ஓடி நிற்பதற்குள்ளேயே பாதிப் பேர் எழுந்துவிட்டார்கள். மேலே பெட்டிகளை இழுப்பதும், முழங்கையால் இடிப்பதும், போனில் "இறங்கிட்டேன், இறங்கிட்டேன்" என்று கத்துவதுமாக நடைபாதை ஒரே அடைப்பு. கதவோ இன்னும் திறக்கவில்லை.

பின்னாலிருந்து மஞ்சள் காலுறைப் பெண் எழுந்தாள். இருபத்தைந்து வயதிருக்கும். போர்வையை ஒழுங்காக மடித்து இருக்கையில் வைத்துவிட்டு, முதுகுப்பையை அணைத்தபடி, "எக்ஸ்கியூஸ் மீ… கொஞ்சம் வழி விடுறீங்களா… எனக்கு அடுத்த ஃப்ளைட் இருக்கு" என்றாள். யாரும் திரும்பவில்லை. மறுபடி சொன்னாள். முன்னால் நின்றவர், "எல்லாரும்தாம்மா இறங்கணும்" என்றார் திரும்பாமலே.

"என்னம்மா, எத்தனை மணிக்கு?" என்று கேட்டாள் மனைவி.

"இன்னும் இருபது நிமிஷத்துல போர்டிங் கேட்ட மூடிருவாங்க ஆன்ட்டி. இந்த ஃப்ளைட் லேட்டானதுல… நாளைக்குக் காலைல வேலைல சேரணும். முதல் வேலை." கண்ணில் நீர் திரண்டு நின்றது.

முன்னாலிருந்து விமானப் பணிப்பெண் ஒலிபெருக்கியில், அடுத்த விமானம் பிடிக்க வேண்டியவர்களுக்கு வழிவிடும்படி கேட்டுக்கொண்டாள். கேட்டவர்கள் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

மனைவி கண்டக்டரைப் பார்த்தாள். அவர் எழுந்து நின்றுகொண்டிருந்தார். கை இருக்கையின் முதுகை இறுக்கிப் பிடித்திருந்தது.

"சொல்லுங்க" என்றாள்.

"பாப்பாகிட்ட…"

"பாப்பாகிட்ட நான் சொல்லிக்கறேன். ஒவ்வொருத்தரா குனிஞ்சு பேசறதுக்கு இப்ப நேரம் இல்ல. சொல்லுங்க."

கண்டக்டர் மூச்சை உள்ளே இழுத்தார்.

"வழி விடுங்க சார், வழி விடுங்க! ஒரு பொண்ணு அடுத்த வண்டி பிடிக்கணும்!"

விமானத்தின் கூரை அதிர்ந்த மாதிரி இருந்தது. பேச்சு சட்டென்று நின்றது. கடைசி வரிசை வரை எல்லாத் தலைகளும் திரும்பின.

"நீலச்சட்டை அண்ணே, பெட்டிய மடில வைங்க. அம்மா, ஒரு நிமிஷம் சீட்டுக்குள்ள ஒதுங்குங்க, உங்க இடம் எங்கயும் போயிராது. தோள உள்ள இழுங்க தம்பி. அப்படித்தான்! கம்பிய விட்டு நகருங்க, கம்பிய விட்டு நகருங்க! முதல் வேலைக்குப் போகுது, நாமதானே அனுப்பி வைக்கணும்? போம்மா, போ, போ!"

அதட்டலாகத்தான் இருந்தது. ஆனால் அதில் யாரையும் இழிவாக நினைக்கிற தொனி எங்குமே இல்லை. கல்யாண வீட்டில் பந்திக்கு ஆள் கூப்பிடுகிறவரின் குரல் போல இருந்தது. கட்டம் போட்ட சட்டைக்காரர் முதல் ஆளாகத் தன் இருக்கைக்குள் போய் ஒடுங்கிக்கொண்டு, "ஒதுங்குங்க, ஒதுங்குங்க" என்று எதிரொலித்தார். வரிசை வரிசையாக வழி திறந்தது. யாரோ சிரித்தார்கள். யாரோ, "ஓடும்மா, பிடிச்சிரலாம்" என்றார்கள். முதுகுப்பையை அணைத்தபடி அந்தப் பெண் அவர்களுக்கு நடுவே ஓடினாள். அவள் முன்வாசலை எட்டவும் கதவு திறக்கவும் சரியாக இருந்தது. ஒரு கணம் திரும்பி, யாரைப் பார்ப்பதென்று தெரியாமல் எல்லோருக்குமாகக் கையை அசைத்துவிட்டு மறைந்தாள்.

"ரைட்!" என்றார் கண்டக்டர், தன்னை அறியாமல்.

விமானமே சிரித்தது. பணிப்பெண் தூரத்திலிருந்து கைகூப்பினாள். மனைவி சிரிக்கவில்லை. இதுதானா அது என்று நினைத்தாள். ஆயிரக்கணக்கான நாள், யார் யாரையோ ஏற்றி இறக்கி, கடைசியில் கட்டிப்போய் வீட்டுக்கு வந்த குரல் இதுதானா.

வெளியே தடுப்புக்கு அந்தப் பக்கம் மகள் காத்திருந்தாள். இளைத்திருந்தாள். முடியைக் குட்டையாக வெட்டியிருந்தாள். அம்மாவைக் கட்டிக்கொண்ட பிறகு அப்பாவிடம் வந்தாள். அவர் அவளை அணைக்கவில்லை; பள்ளிக்கூடத்தில் தப்புச் செய்துவிட்டு வந்த பிள்ளை மாதிரி நின்றார்.

"பாப்பா, கத்திட்டேம்மா. ரொம்பச் சத்தமாவே கத்திட்டேன்."

"எதுக்கு?"

அவர் மனைவியைப் பார்த்தார். நடந்ததை அவள்தான் சொன்னாள். கால், போர்வை, முட்டி, "எங்க இறங்கணும்", கடைசியில் ஓடிய பெண் எல்லாவற்றையும் சொன்னாள். வண்டி நிறுத்துமிடம் வரை பெட்டியைத் தள்ளிக்கொண்டே கேட்டாள் மகள். நடுவில் ஒரு இடத்தில் நின்று வாயைப் பொத்திக்கொண்டாள்.

"அந்தப் பொண்ணு ஃப்ளைட்டப் பிடிச்சிருச்சாப்பா?"

"தெரியலம்மா. நல்லா ஓடுச்சு."

மகள் பெட்டியை விட்டுவிட்டு வந்து அப்பாவின் தோளில் நெற்றியை வைத்துக்கொண்டாள். "நான் உங்களப் பேசாம இருக்கச் சொன்னேனாப்பா? ஒரு மாசமா போன்ல நீங்க 'ம்'ன்னு மட்டும் சொல்றப்பவே எனக்கு என்னவோ மாதிரி இருந்துச்சு. அந்தக் கதைய ஏன் சொன்னோம்னு ஆயிருச்சு."

"உனக்கு வலிச்சுதே."

"அப்ப வலிச்சுது. பதினெட்டு வயசு. இப்ப நெனச்சா, அந்த மண்டபத்துல எனக்கு உட்கார இடம் கிடைச்சதே உங்களாலதான்."

அவர் அவள் தலையில் கையை வைத்தார். குட்டை முடி புதிதாக இருந்திருக்க வேண்டும். கை கொஞ்ச நேரம் அங்கேயே தடவித் தடவிப் பார்த்தது.

மகள் ஓட்டிய காரில் அவர் முன்னால் உட்காரவில்லை. மனைவியோடு பின்னால் உட்கார்ந்து, அவளுடைய இடக்காலைத் தூக்கித் தன் மடியில் வைத்து முட்டியைப் பிடித்துவிட்டார். வண்டி நகர்ந்ததும் அவள் கேட்டாள்: "பஸ்ல நடந்தது ஒண்ணு சொல்லுங்க."

"எது?"

"எதுவாவது. எனக்கு எல்லாமே புதுசுதானே."

அவர் கொஞ்சம் யோசித்தார். பிறகு ஒருநாள் காலையில், நிற்க இடமில்லாத கூட்டத்தில், ஆள் உயரக் கண்ணாடி ஒன்றைத் தூக்கிக்கொண்டு ஏறிய மனிதனைப் பற்றி ஆரம்பித்தார். தங்கைக்கு வாங்கிய நிலைக்கண்ணாடி. இறக்கிவிட்டால் அவனுக்கு வேறு வழியில்லை. ஏற்றிக்கொண்டால் பதினொரு நிறுத்தம் போக வேண்டும். வண்டியில் எண்பது பேர்.

குரல் மெல்ல மெல்ல ஏறியது. கார் முழுக்க நிறைந்தது. ஒரு சாலை, இன்னொரு சாலை, ஒரு பாலம். கதையில் ஐந்தாவது நிறுத்தத்தில் ஒரு திருப்பம் வந்தது, எண்பது பேரும் ஒரே பக்கமாகச் சாயப் பார்த்தார்கள், கண்டக்டர் எல்லோரையும் மூச்சைப் பிடித்துக்கொள்ளச் சொன்னார்.

கார் நின்றது. மகளின் வீடு வந்துவிட்டது. மகள் எஞ்சினை அணைத்தாள். யாரும் கதவைத் திறக்கவில்லை. அவள் இருக்கையில் முழுசாகப் பின்னால் திரும்பி உட்கார்ந்துகொண்டாள்.

"அப்புறம்ப்பா?" என்றாள்.